கார்ட்லெஸ் போனில் சிஇ முத்திரை குத்தும் வரை

சென்னையில் சின்ன நிறுவனம் எங்களுடையது. ஓட்டல் அறைகளுக்கான கார்ட்லெஸ் போன் ஒன்றை ஐரோப்பாவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அதற்கான சோதனை, காகித வேலை இரண்டும் என் தலையில் விழுந்தன. பொருள் ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் அடையாளம்தான் சிஇ முத்திரை. பலர் நினைப்பதற்கு மாறாக, அதை எந்த அலுவலகமும் தருவதில்லை. 2014/53/இயூ என்ற ரேடியோ சாதன உத்தரவின்படி, ஐரோப்பிய ஒன்றியம் ஏற்ற தரநிலைகளை முழுக்கப் பின்பற்றினால் தயாரிப்பாளரே அறிவித்துக்கொள்ளலாம். கையெழுத்து நம்முடையது, மாட்டினால் பதில் சொல்ல வேண்டியதும் நாம்தான்.

அலுவலகத்தில் எல்லோரும் முதலில் கேட்டது கதிர்வீச்சைப் பற்றித்தான். "காதோட ஒட்டி வச்சுப் பேசுறாங்களே, எஸ்ஏஆர் டெஸ்டுக்கு எவ்வளவு ஆகும்?" எஸ்ஏஆர் என்பது ரேடியோ அலையின் சக்தியை உடல் திசு கிலோவுக்கு எத்தனை வாட் உறிஞ்சுகிறது என்ற அளவு. சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். எங்கள் போன் இயங்குவது டெக்ட் என்ற கார்ட்லெஸ் தொழில்நுட்பத்தில். டெக்ட் போனின் உச்ச சக்தி 250 மில்லிவாட். ஆனால் அது விடாமல் ஒலிபரப்புவதில்லை. 10 மில்லிசெகண்டை 24 துண்டாக்கி, பேசும்போது ஹேண்ட்செட் அதில் ஒரு துண்டில் மட்டும் அனுப்புகிறது. 250-ஐ 24-ஆல் வகுத்தால் சராசரி 10 மில்லிவாட்டும் சொச்சமும். ஐரோப்பாவில் தலைக்கான வரம்பு கிலோவுக்கு 2 வாட், அதுவும் 10 கிராம் திசுவில் சராசரியாக. 20 மில்லிவாட் முழுவதையும் அந்த 10 கிராமே உறிஞ்சினாலும் கிலோவுக்கு 2 வாட்தான் வரும். அதனால்தான் இஎன் 62479 தரநிலை, சராசரி 20 மில்லிவாட்டுக்குள் இருக்கும் சாதனத்தை அளக்காமலே ஏற்கிறது. ஹேண்ட்செட் வேலை ஒரே பக்கக் காகிதத்தில் முடிந்தது.

பேஸ் ஸ்டேஷன் அப்படியில்லை. நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினால் நான்கு துண்டுகள், 40 மில்லிவாட்டுக்கு மேல். அது மேசையில் இருப்பது என்பதால் தூரத்தை வைத்துத் தனியாகக் கணக்குக் காட்டினோம்.

இஎன் 301 406 ரேடியோ சோதனைக்குப் போனை டிபிஆர்6 என்ற சோதனை மோடில் போட்டுத்தர வேண்டும். 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரை பத்து கேரியர்கள், அதாவது பத்து அலைத்தடங்கள். டெக்ட் சென்னைக்குப் புதிதில்லை. தொண்ணூறுகளில் ஐஐடி மெட்ராஸின் டெநெட் குழு இதை வைத்துத்தான் கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி அமைப்பைச் செய்தது. அந்தக் காலத்து அனுபவம் உள்ள ஒருவர் எங்களிடம் இருந்ததால் இது சிக்கலில்லாமல் முடிந்தது.

மாட்டிக்கொண்டது, நாங்கள் தயாரிக்கவே தயாரிக்காத அடாப்டரில். "சார், உங்க போன் நல்லாத்தான் இருக்கு, அடாப்டர்தான் கத்துது" என்றார் லேப் பொறியாளர். 150 கிலோஹெர்ட்ஸிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை மின்கம்பி வழியே போகும் இரைச்சலை அளக்கும் சோதனை அது. வரம்புக் கோட்டையும் தாண்டி இரண்டு இரைச்சல் முட்கள் திரையில் நின்றன. விற்றவர் கொடுத்த ரிப்போர்ட்டில் எல்லாம் பாஸ். ஆனால் அங்கே சுமையாக வைத்திருந்தது ஒரு ரெசிஸ்டர், எங்கள் பேஸ் இல்லை. அடாப்டர் வாங்குகிறவர்கள் அந்த ரிப்போர்ட்டில் சுமை என்னவென்று பாருங்கள். கடைசியில் உள்ளே சோக் (இரைச்சலைத் தடுக்கும் கம்பிச்சுருள்) உள்ள வேறொன்றுக்கு மாறினோம்.

அப்புறம் நிலைமின் துப்பாக்கி, அதாவது நிலைமின்சாரப் பொறியைப் பாய்ச்சிப் பார்க்கும் சோதனை. கீபேடில் காற்றுவழி 8 கிலோவோல்ட் தாங்கியது. சார்ஜிங் பின்னைத் தொட்டு 4 கிலோவோல்ட் கொடுத்ததும் திரை அப்படியே உறைந்தது, பேட்டரியைக் கழற்றி மாட்டினால்தான் உயிர் வந்தது. இப்படிப் பாயும் மின்சாரத்தைக் கிரவுண்டுக்குத் திருப்பிவிடும் டிவிஎஸ் டயோடு இருக்கிறது, ஆனால் பின்னிலிருந்து தள்ளி. மின்சாரம் அதை அடைவதற்குள் பிராசஸருக்குள் போய்விடுகிறது. பின்னுக்கு அடியிலேயே நகர்த்தி, கிரவுண்டைக் குட்டையாக்கிப் புது போர்டு அடித்தோம். பணமும் காலமும் கரைந்தது இங்கேதான், கதிர்வீச்சில் அல்ல.

காகிதத்தில் சில்லறை விஷயங்கள் நிறைய. கையேட்டில் அலைவரிசையும் அதிகபட்ச சக்தியும் இருக்க வேண்டும். அங்குள்ள இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் பொருள்மேல் வேண்டும். தொழில்நுட்பக் கோப்பைப் பத்து வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

இதையே அமெரிக்காவுக்கும் அனுப்ப முடியுமா என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். போர்டு அதேதான், மென்பொருளில் கேரியரையும் சக்தியையும் மாற்றினால் ஓடும். ஆனால் அங்கே டெக்ட் 1920–1930 மெகாஹெர்ட்ஸில், ஐந்தே கேரியர்கள், தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் பகுதி 15 விதிகள், தொலைபேசி லைனுக்குப் பகுதி 68 தனியாக. எஸ்ஏஆர் வரம்பும் கிலோவுக்கு 1.6 வாட், 1 கிராம் திசுவில் சராசரியாக. அந்த அலைவரிசை ஐரோப்பாவில் மொபைல் போன்களுக்கானது என்பதால், ஒரே கிடங்கில் இரண்டு ரகமும் கலந்துவிட்டால் வம்பு. இப்போதைக்கு வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டேன்.