பாடாலூர்ல இறங்கினா கடல்!

கால்சட்டையில் ஒட்டிய சேறு இன்னும் போகவில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கல்லாகிப்போன சாத்தனூர் மரத்தைப் பார்க்க எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த நடத்துநரைப் பற்றி முதலில் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

சாத்தனூர் என்றாலே எல்லோருக்கும் அணைதான். திருச்சி பேருந்து நிலையத்தில் விசாரித்த ஒருவர் யோசிக்கவே இல்லை, "திருவண்ணாமலை வண்டி ஏறிடுங்க" என்றார். நாங்கள் கேட்டது பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்துச் சாத்தனூர். கல்மரம் கிடக்கிற ஊர். சரி, பாடாலூரில் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் மச்சானும் ஒரு சென்னை வண்டியில் ஏறினோம். கொள்ளிடம் பாலம் தாண்டியதும் நடத்துநர் வந்தார். "பாடாலூர் ரெண்டு" என்றேன். "அங்கல்லாம் நிக்காது, ஏறும்போதே சொல்ல மாட்டீங்களா?" ஏறும்போது கேட்டால்தானே சொல்வதற்கு! கடைசியில் பெரம்பலூர் வரைக்கும் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, பாடாலூர் பிரிவில் வண்டி நின்றும் நிற்காததுமாக இறக்கிவிட்டார். போகாத தூரத்துக்கும் காசு.

அடுத்த அடி ஆட்டோ. கல்மரம், பழைய கடல் பிராணிகளின் மிச்சம் கிடக்கிற காரை ஓடை இரண்டையும் காட்டித் திரும்பக் கொண்டுவந்து விட 1,800 ரூபாய் கேட்டார் அந்த அண்ணன். மச்சான் பேசிப் பேசி 1,200-க்கு இறக்கினான். திரும்பி வந்ததும் 'வெயிட்டிங்' என்று இன்னொரு 200 வாங்கிக்கொண்டார். கொடுத்துத் தொலைத்தோம். வேறு வண்டி கிடையாது என்பது அவருக்கும் தெரியும்.

சாத்தனூரில் கம்பி வேலிக்குள் கிடக்கிறது அந்த மரம். 18 மீட்டருக்கு மேல் நீளம். தூரத்திலிருந்து பார்த்தால் போன வாரக் காற்றில் சாய்ந்த மரம் என்றுதான் சொல்வீர்கள். கிட்டப் போனால் குறுக்கே விரிசல் விட்டு, துண்டு போட்ட வாழைத்தண்டு மாதிரி தெரிகிறது. வரியெல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனால் மரத்துக்கு உரிய எதுவும் அதில் மிச்சமில்லை, முழுக்கக் கல். சிலிக்கா கரைந்த தண்ணீர் உள்ளே ஊறி, மரத்தின் இம்மி இம்மியான இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டிருக்கிறது.

வயது 10 முதல் 12 கோடி ஆண்டுகள். ஊசியிலை மர வகை, பூக்காத சாதி. இன்று நம் கண்ணில் படுகிற வேம்பு, புளி, மா எல்லாம் பூக்கிற கூட்டம். அந்தக் கூட்டம் உலகத்தைப் பிடிப்பதற்கு முன்னால் நின்ற மரம் இது. 1940-ல் இதை முதலில் வெளியே சொன்னவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், பின்னாளில் அந்தத் துறைக்கே முதல் இந்திய இயக்குநர் ஆனவர்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது மரத்தைப் பார்த்து அல்ல. இந்த இடம் அன்று கடல். ஆறு அடித்துக்கொண்டு வந்த மரம் கரையோரக் கடலில் மூழ்கிச் சேற்றில் புதைந்திருக்கிறது. இன்றைக்குக் கடல் பார்க்க வேண்டுமானால் இங்கிருந்து நூறு கிலோமீட்டர் போல கிழக்கே போக வேண்டும்!

சந்தேகம் இருந்தால் காரைக்குப் போங்கள். மழைநீர் அறுத்து அறுத்து, மேடும் பள்ளமுமாக ஒரு பொட்டல். செடி கிடையாது, நிழல் கிடையாது. முந்தின நாள் மழை பெய்திருந்ததால் களிமண் செருப்பைப் பிடுங்கியது. ஆங்காங்கே ஜிப்சம் கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னியது. மச்சான் குனிந்து விரல் நீளத்தில் கூராக ஒன்றை எடுத்தான். "துப்பாக்கிக் குண்டு தம்பி, வெள்ளைக்காரன் சுட்டது" என்றார் ஆட்டோ அண்ணன். குண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. பெலெம்னைட். கணவாய் மீனுக்கு ஒன்றுவிட்ட உறவான பிராணியின் உள் ஓட்டு முனை. கொஞ்சம் தள்ளி, சுருண்ட நத்தை போல அம்மோனைட் பதிந்த ஒரு கல். அதுவும் என்றோ அழிந்துபோன ஒரு கடல் பிராணிதான். என் பாட்டியின் பூஜைப் பெட்டியில் கண்டகி ஆற்றுச் சாளக்கிராமம் ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் சக்கரம் இதே அம்மோனைட் கூட்டத்துச் சுருள்தான். பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கை தானாகப் போனது.

"டைனோசர் முட்டை எடுத்த இடம் காட்டவா?" என்று அண்ணன் அடுத்த தூண்டிலைப் போட்டார். 2020-ல் குன்னம் பக்கம் உருண்டை உருண்டையாகக் கிடைத்ததை முட்டை என்று வாட்ஸ்அப்பில் பரப்பிவிட்டார்கள் அல்லவா, அது. ஆய்வாளர்கள் பார்த்துவிட்டு அதுவும் அம்மோனைட் சமாச்சாரம் என்று சொல்லிவிட்டார்கள். இதற்கு இன்னொரு 300 ரூபாய் யார் கொடுப்பது?

இந்தப் பாறை அடுக்குக்கு உலகம் முழுக்க நிலவியல்காரர்கள் சொல்லும் பெயர் உட்டாட்டூர். என்னவோ என்று பார்த்தால் நம்ம ஊட்டத்தூர்! வரும் வழியில் தாண்டி வந்த ஊர்தான். வெள்ளைக்காரன் வாயில் அப்படி ஆகிவிட்டது. இவ்வளவு பெயர் வாங்கிய இடத்துக்கு நெடுஞ்சாலையிலிருந்து வழிகாட்டி ஒரு பலகைகூட எங்கள் கண்ணில் படவில்லை. பேருந்தோ, கேட்கவே வேண்டாம்.

மச்சான் அந்தக் 'குண்டை'ப் பையில் போடப் பார்த்தான். வருகிறவன் எல்லாம் ஒன்று எடுத்தால் அடுத்தவன் பார்க்க என்ன இருக்கும் என்று கத்தினேன். முணுமுணுத்துக்கொண்டே எடுத்த இடத்தில் வைத்தான்.

அந்தக் கோபம் தணிந்தது கம்மங்கூழில். சாலையோரம் தள்ளுவண்டியில் ஓர் அக்கா. மோர் ஊற்றிக் கரைத்த கூழ், சொம்பு 20 ரூபாய். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், உரித்த சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி. பெரம்பலூர் வெங்காயம், கடித்தால் மூக்கில் ஏறுகிறது. ஆளுக்கு இரண்டு சொம்பு குடித்தோம். அந்த 80 ரூபாயை மட்டும்தான் அன்று மனதாரக் கொடுத்தேன்.

மொத்தம் இரண்டு பேருக்கு 1,700 ரூபாயைத் தொட்டது. ஆட்டோ மட்டும் 1,400. ஆகவே சொந்த வண்டியில் போங்கள், முடிந்தால் அதிகாலையில். தண்ணீர் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். பேருந்துதான் என்றால் பாடாலூரில் நிற்கும் வண்டியா என்று ஏறுவதற்கு முன் கேளுங்கள். அப்புறம், அப்படியே சிறுவாச்சூர் மதுரகாளியம்மனையும் பார்த்துவிடலாம் என்று நினைத்தால் திங்கள் அல்லது வெள்ளியில் போங்கள். விசேஷ நாள் தவிர மற்ற நாளில் நடை திறப்பதில்லை. நாங்கள் போனது சனிக்கிழமை.