“உங்கள் உத்தரவு என்ன?”

திருநெல்வேலியில் பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு அமெரிக்கா வந்தவள் நான். ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் எட்டு ஆண்டுகள் இரவுப் பணி பார்த்த பிறகே நர்ஸ் பிராக்டிஷனர் மேற்படிப்பில் சேர்ந்தேன். நோயைக் கண்டறிந்து, சிகிச்சைக்கு உத்தரவிட்டு, மருந்தும் எழுதும் நர்ஸைத்தான் அங்கே அப்படி அழைக்கிறார்கள்.

உடன் வேலை பார்த்தவர்கள் குடும்ப நல நர்ஸ் பிராக்டிஷனர் பிரிவை எடுக்கச் சொன்னார்கள். அது பெரும்பாலும் கிளினிக்குக்கு வந்து போகும் நோயாளிகளுக்கான படிப்பு. வென்டிலேட்டரில் கிடப்பவரைப் பார்க்க விரும்புகிறவர்கள் தீவிர நோய்ப் பிரிவைத்தான் எடுக்க வேண்டும். 2008-இல் நர்சிங் அமைப்புகள் கூடி வகுத்த நெறிமுறையின்படி படிப்பு, சான்றிதழ்த் தேர்வு, உரிமம் ஆகியவை ஒன்றோடொன்று பொருந்தியிருக்க வேண்டும். இதை விசாரிக்காமல் சேர்ந்து, மறுபடியும் கல்லூரிக்குப் போக நேர்ந்த இருவரை எனக்குத் தெரியும். பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நோய் உடலியங்கியல், மருந்தியல், உடற்பரிசோதனை ஆகிய மூன்று பெரிய பாடங்களும் கடினமானவைதான். ஆனாலும் உட்கார்ந்து படித்தால் தேறிவிடலாம். என்னை அலைக்கழித்தது வேறொன்று. நான் படித்தபோது நோயாளிகளுடன் குறைந்தது 500 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்பது விதி. 2022-இல் வந்த புதிய தரநிலை அதை 750 ஆக்கியிருக்கிறது. அந்தப் பயிற்சியைத் தரும் பிரிசெப்டாரை நீயே தேடிக்கொள் என்று சொல்லிவிட்டது கல்லூரி. நாற்பது மின்னஞ்சல்களுக்கு மேல் அனுப்பினேன். பதில் எழுதியவர்கள் ஆறு பேர், சம்மதித்தவர் ஒருவர். கட்டணம் முழுவதையும் வாங்கிக்கொண்டு மாணவர்களை இப்படித் தெருவில் விடுவது அநியாயம். இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது. இடம் பிடித்துத் தரும் கல்லூரியில் கட்டணம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் அதையே தேர்ந்தெடுங்கள்.

சம்மதித்த அந்த ஒருவர் பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ள நர்ஸ் பிராக்டிஷனர். இரண்டாவது வாரம், தொற்றால் உடல் உறுப்புகளே பாதிக்கப்படும் செப்சிஸ் நிலையில் ஒரு முதியவர் வந்தார். எடை 70 கிலோ, நிலைமை மோசம் என்று காட்டும் ரத்த லாக்டேட் அளவு 4-க்கு மேல், ஏற்கெனவே இதயம் பலவீனமானவர். நிலைமையைப் பிரிசெப்டாரிடம் தெளிவாக எடுத்துச் சொன்னேன். எட்டு ஆண்டுகளாக டாக்டர்களிடம் தொலைபேசியில் சொல்லிப் பழகியதுதானே. முழுவதையும் கேட்டுவிட்டு, “சரி, உங்கள் உத்தரவு என்ன?” என்றார்.

வாயடைத்துப் போனேன். கிலோவுக்கு 30 மில்லி என்ற கணக்கில் 2,100 மில்லி திரவம் ஏற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவ்வளவையும் இந்த இதயம் தாங்குமா என்ற சந்தேகமும் எழுந்தது. சந்தேகத்தைச் சொல்ல எனக்கு எப்போதும் உரிமை இருந்தது. அதைத் தீர்க்கும் பொறுப்பு அன்றுவரை என்னுடையதாக இருந்ததில்லை. தயங்கித் தயங்கி, “முதலில் 500 மில்லி. பிறகு அல்ட்ராசவுண்டில் இதயத்தைப் பார்ப்போம். சராசரி ரத்த அழுத்தம் 65-க்கு ஏறாவிட்டால், அதை ஏற்ற நார்எபிநெஃப்ரின்” என்றேன். “ஏன் 500?” என்றார். காரணத்தைச் சொன்ன பிறகே தலையசைத்தார். அடுத்து வந்த மாதங்கள் முழுவதும் அந்த ‘ஏன்’ என்னைத் துரத்தியது. இதயத்துக்குச் செல்லும் பெரிய சிரையில் கதீட்டர் குழாய் போடக் கை சில வாரங்களிலேயே பழகிவிட்டது. முடிவெடுக்க மனம் பழகுவதற்குத்தான் ஓராண்டு ஆனது.

சான்றிதழ்த் தேர்வு மூன்றரை மணி நேரம், 175 கேள்விகள். அவற்றில் 150-க்குத்தான் மதிப்பெண். தேறிய மறுநாளே வேலைக்குப் போய்விடலாம் என்று எண்ண வேண்டாம். மாநில உரிமம், கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுத மத்திய அரசின் பதிவு, மருத்துவமனையின் சொந்தச் சரிபார்ப்பு என்று எனக்கு ஐந்து மாதங்கள் ஓடின. டெக்சாஸில் மருத்துவர் ஒருவர் எழுத்துமூலம் அதிகாரம் அளித்தால்தான் நாங்கள் மருந்து எழுத முடியும். பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அந்த ஐந்து மாதங்களுக்கும் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய பொறுப்பில் முதல் இரவு, மூன்று மணி இருக்கும். ஓர் இளம் நர்ஸ் அழைத்தாள்: “அழுத்தம் 82-க்கு 40. என்ன செய்யட்டும்?” அறைக்கு ஓடினேன். நார்எபிநெஃப்ரின் பையை அவள் ஏற்கெனவே எடுத்து வந்து, குழாயை இணைக்காமல் கம்பத்தில் மாட்டிவைத்திருந்தாள். எட்டு ஆண்டுகள் நானும் அப்படித்தான் மாட்டிவைத்துவிட்டுக் காத்திருந்தேன்.