ஒரு டாலர் குறைவாக வந்த செட்டில்மென்ட்

கலிஃபோர்னியாவில் எங்களோடு இருக்கும் அம்மா, வாசல்படியில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தார். எக்ஸ்ரே பார்த்த டாக்டர் சுளுக்குதான் என்று கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார். வலி அடங்கவே இல்லை. வேறொரு எலும்பு டாக்டர் அதே எக்ஸ்ரேவில் மணிக்கட்டு முறிவைக் காட்டியபோது, எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. அறுவை செய்து தகடு வைத்தும், அம்மாவால் இன்றும் வலது கையால் மாவு பிசைய முடியாது.

வக்கீலைப் பிடித்து, ரெக்கார்டுகள் வாங்கி, வழக்குக்கு முந்தைய 90 நாள் நோட்டீஸும் கொடுத்தோம். கடைசியில் முதல் டாக்டரின் காப்பீட்டு நிறுவனம், வழக்கில்லாமல் பேசித் தீர்க்கும் செட்டில்மென்ட்டுக்கு வந்தது. கொடுக்க முன்வந்த தொகை சரியாக 30,000 டாலர்.

"ஒரு டாலர்ல என்னடி இருக்கு, வாங்கிட்டு விடு" என்றார் அம்மா.

அந்த ஒரு டாலரில்தான் எல்லாம் இருந்தது. டாக்டருக்காகத் தரும் செட்டில்மென்ட் 30,000 டாலரைத் தாண்டினால், காப்பீட்டு நிறுவனம் 30 நாளுக்குள், டாக்டர்களுக்கு உரிமம் தரும் மெடிக்கல் போர்டுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்கிறது மாநிலச் சட்டம். அப்படி 10 ஆண்டுகளில் 3 செட்டில்மென்ட், ஆபத்து அதிகமான துறைகளில் 4, சேர்ந்தால்தான் போர்டின் தளத்தில் பொதுமக்கள் பார்க்க முடியும். சரியாக 30,000 என்றால் அந்தக் கணக்கில் ஒன்றாகக்கூடச் சேராது.

டாக்டர்களுக்காகக் கொடுத்த இழப்பீடுகளைப் பதிந்து வைக்கும் மத்திய அரசின் நேஷனல் பிராக்டிஷனர் டேட்டா பேங்குக்கு இந்த வரம்பு கிடையாது. ஒரு மாநிலத்தில் சிக்கலானவர் இன்னொரு மாநிலத்தில் போய்க் கடை விரிக்கக் கூடாது என்று 1986-இல் போட்ட சட்டத்தின்படி 1990-இல் தொடங்கியது அது. எவ்வளவு சின்னத் தொகையாக இருந்தாலும் காப்பீட்டு நிறுவனம் பதிய வேண்டும். டாக்டரைச் சேர்க்கும்போதும், பிறகு 2 ஆண்டுக்கொரு முறையும் மருத்துவமனைகள் அதைப் பார்த்தாக வேண்டும். நோயாளிகள் பார்க்க முடியாது. இது எனக்கு இன்னமும் சரியாகப் படவில்லை. பணம் கொடுத்ததையே தவறு நடந்ததற்கு ஆதாரமாக எடுக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது, டாக்டர் தன் தரப்பை அங்கேயே எழுதி வைக்கலாம். அது நியாயம்தான்.

அப்புறம் ஒப்பந்த வரைவு வந்தது. விடுவிக்கப்படுவோர், அதாவது இனி நாங்கள் வழக்குப் போட முடியாதவர்கள், என்ற இடத்தில் கிளினிக்கின் பெயர் மட்டும் இருந்தது. நிறுவனத்துக்காக மட்டும் பணம் கொடுத்தால் டாக்டர் பெயர் டேட்டா பேங்கில் ஏறாது. இன்னொரு பத்தி, போர்டிடம் புகார் செய்ய மாட்டோம் என்று எங்களிடம் வாக்குக் கேட்டது. இப்படி ஒரு நிபந்தனை போட கலிஃபோர்னியாவில் சட்டமே அனுமதிப்பதில்லை என்று சொல்லி வக்கீல் அதை அடித்துவிட்டார்.

நாங்கள் கேட்டது இரண்டுதான்: ஒப்பந்தத்தில் டாக்டர் பெயர் இருக்க வேண்டும், தொகை 30,000-ஐத் தாண்ட வேண்டும். டாக்டரின் சம்மதம் வேண்டும் என்று இழுத்தடித்தார்கள். பேச்சு முறிந்துவிடும் என்றே நினைத்தோம். முடிவில் 32,500-க்கு ஒத்துக்கொண்டு, அவர் பெயரையும் சேர்த்தார்கள்.

ஒப்பந்தத்தில் எல்லோரும் கையெழுத்திட்ட தேதியைக் குறித்து வைத்தேன். போர்டுக்கு அறிக்கை அனுப்பும் அந்த 30 நாள் அன்றிலிருந்து ஓடுகிறது. சில மாதம் கழித்து மெடிக்கல் போர்டிலிருந்து அம்மா பெயருக்குக் கடிதம் வந்தது. சிகிச்சைப் பதிவுகளைப் பெற அனுமதி கேட்டிருந்தார்கள். படிவத்தில் கையெழுத்திட்டு, இரண்டாவது டாக்டரின் குறிப்பையும் இணைத்து அனுப்பினோம். விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.