எட்டுப் பல் கிடாயின் கண்

வயதாகும் கண் லென்ஸைக் கணினியில் கட்டுவதாக எம்.இ. புராஜெக்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மா ஊசியைக் கையெட்டும் தூரத்தில் நீட்டி நூல் கோக்கிறாரே, அந்த வெள்ளெழுத்துக்குக் கணக்குப் போட ஆசை.

1855இல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் சொன்னதுதான் அடிப்படை. தூரத்தில் பார்க்கும்போது சுற்றியுள்ள நார்கள் லென்ஸை இழுத்துத் தட்டையாக்குகின்றன. கிட்டத்தில் பார்க்க, தசை சுருங்கி நார்கள் தளர்கின்றன. லென்ஸ் தானே உருண்டுகொள்கிறது. ஆகவே உருண்ட வடிவத்தில் தொடங்கி விளிம்பை வெளியே இழுக்க வேண்டும். 11 வயதுக்கு ஒன்று, 45 வயதுக்கு ஒன்று வரைந்தேன்.

முதல் ஓட்டத்தில் 45 வயது லென்ஸ் அசையவே இல்லை. வெள்ளெழுத்து வந்துவிட்டது என்று துள்ளினேன். அடுத்து 11 வயதை ஓட்டினேன். அதுவும் அசையவில்லை! லென்ஸின் கன அளவு மாறாது என்பதற்காகப் பாய்சான் விகிதத்தை, அதாவது ஒரு பக்கம் இழுத்தால் குறுக்கே எவ்வளவு ஒடுங்கும் என்ற எண்ணை, 0.4999 என்று கொடுத்திருந்தேன். கணக்குக்காக லென்ஸைப் பிரித்திருந்த சின்னத் துண்டுகள், அதாவது சாதாரண எலிமெண்டுகள், அதில் இறுகிப் பூட்டிக்கொண்டன. அழுத்தத்தைத் தனியாகக் கணக்கிடும் எலிமெண்டுகளுக்கு மாற்றுவதற்குள் ஒரு மாதம் போயிற்று.

பிறகு எதிர்மாறான தொல்லை. 45இன் விறைப்பைப் பத்து மடங்காக்கியும் வடிவம் மயிரிழைகூட மாறவில்லை. விளிம்பு நகரும் தூரத்தை நானே கொடுத்துவிட்டேன். லென்ஸ் முழுதும் ஒரே விறைப்பு என்றால் அந்த எண் எதுவானால் என்ன? இழுக்கும் விசைதான் மாறும், வடிவம் மாறாது.

இதற்கு வழி பிடிபட்டது தர்மபுரிக் கறிக்கடையில். ஞாயிற்றுக்கிழமை தலை வெட்டிக்கொண்டிருந்த பாயிடம் கண் மட்டும் கேட்டேன். "குட்டியுடையதா, எட்டுப் பல் கிடாயுடையதா, தம்பி?" என்றார், சிரிக்காமல். இரண்டும் வாங்கினேன். வீட்டில் பிளேடால் கீறி, லென்ஸை விரலிடையில் உருட்டினேன். மேற்புறம் இரண்டிலும் நுங்குபோல் வழுக்கியது. அதை வழித்துவிட்டு அழுத்தினேன். குட்டியுடையது நசுங்கியது. கிடாயுடையதில் புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று நடுவில் முரண்டு பிடித்தது.

ஆட்டுக் கண்ணை ஆதாரமாக எழுதினால் கைடு விரட்டிவிடுவார். ஆனால் எதைத் தேடிப் படிப்பது என்று தெரிந்துவிட்டது. லென்ஸே நார் போன்ற செல்களால் ஆனது; புதியவை வெளிப்புறத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும். பழையவை உதிராமல் நடுவில் அடைபடும். 1971இல் ஃபிஷர் என்ற ஆய்வாளர் மனித லென்ஸைச் சுழலவிட்டு அதன் நெகிழ்வை அளந்தார். பின்னால் அளந்தவர்கள், இளமையில் நடுப்பகுதி புறத்தைவிட மென்மை, முதுமையில் அது தலைகீழ் என்று காட்டியிருந்தார்கள்.

நடுவுக்கும் புறத்துக்கும் வேறு வேறு விறைப்பு கொடுத்தேன். 11 தட்டையானது. 45இல் விளிம்புப் பக்கம் மட்டும் நீண்டது. நடு வளைவு கிட்டத்தட்ட அப்படியே நின்றது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை எடுத்துவரச் சோம்பல்பட்டு, இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார்.