ரெண்டு ஸ்டாரும் ரெண்டு பிராக்கெட்டும் ஒண்ணு இல்ல

நேத்து நைட்டு தம்பி போன் பண்ணான், காலேஜ்ல ரெண்டாவது வருஷம், "அண்ணா சி லாங்குவேஜ்ல எழுதின மேட்ரிக்ஸ் ப்ரோக்ராம் கம்பைல் ஆகுது, ரன் பண்ணா செக்மென்டேஷன் ஃபால்ட்னு வந்து நின்னுடுது"ன்னான், அதாவது தொடக்கூடாத மெமரி அட்ரஸ தொட்டா வர்ற எரர். கோட போட்டோ எடுத்து அனுப்ப சொன்னேன். மெயின்ல மூணு ரோ, ரோவுக்கு நாலு நம்பர்னு ஒரு இன்ட் அரே (முழு எண்கள வரிசையா வெக்கிறது), ஆனா ஃபங்ஷன் வாங்குறது இன்ட் ஸ்டார் ஸ்டார் எம், அதாவது பாயின்டருக்கு பாயின்டர் (பாயின்டர்னா ஒரு மெமரி அட்ரஸ வெச்சிருக்கற வேரியபிள்). கம்பைலர் வார்னிங் குடுத்திருக்கு, இவன் பாக்கல. ஜிசிசிங்கற சி கம்பைலரோட 14வது வெர்ஷன்ல இருந்து இத எரராவே ஆக்கிட்டாங்க, நல்ல வேலை பண்ணாங்க.

"அரேன்னா பாயின்டர் தானேண்ணா, அப்போ டூ டி அரேன்னா டபுள் பாயின்டர் தானே"ன்னு கேக்குறான். எனக்கும் கிளாஸ்ல இப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க, அது தப்புன்னு புரியவே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் அதையே சொல்றாங்கன்னா நெஜமாவே கோவம் வருது.

மெமரில என்ன இருக்குன்னு பாருங்க. 12 இன்ட் வரிசையா ஒட்டி உக்காந்திருக்கு, ஒண்ணு 4 பைட், மொத்தம் 48 பைட், அவ்ளோதான், அதுக்குள்ள எங்கயுமே ஒரு பாயின்டர் கூட கிடையாது. ஸ்டார் ஸ்டார் வாங்குற ஃபங்ஷன் என்ன நெனைக்குதுன்னா அங்க போனா மொத ரோவோட அட்ரஸ் இருக்கும்னு, 64 பிட் மெஷின்ல அட்ரஸ் 8 பைட், அதனால மொத ரெண்டு நம்பரையும் சேத்து ஒரே அட்ரஸா படிச்சிடுது. தம்பி போட்டிருந்தது 1, 2. இன்டெல் மெஷின்ல அது சேந்தா 8589934593, அந்த அட்ரஸ்ல ஒண்ணுமே இல்ல, தொட்டதும் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட கெர்னல் ப்ரோக்ராம நிறுத்திடுது.

சி-க்கு முன்னாடி இருந்த பி லாங்குவேஜ்ல அரேன்னு சொன்னா அதுக்கு நிஜமாவே ஒரு பாயின்டர் தனியா மெமரில இருக்கும். டென்னிஸ் ரிச்சி சி பண்ணும்போது அத எடுத்துட்டாரு, அரே பேர எக்ஸ்பிரஷன்ல யூஸ் பண்றப்போ மட்டும் மொத எலிமென்ட்டோட அட்ரஸா மாறும், அதுவும் ஒரே ஒரு லெவல் தான். டூ டி அரேல மொத எலிமென்ட்னா முழு ரோ. அதனால ஃபங்ஷன் வாங்க வேண்டியது நாலு இன்ட் கொண்ட ரோவுக்கு ஒரு பாயின்டர்: இன்ட், வளைஞ்ச பிராக்கெட்டுக்குள்ள ஸ்டார் எம், வெளிய சதுர பிராக்கெட்ல 4. அந்த வளைஞ்ச பிராக்கெட்ட விட்டா நாலு பாயின்டர் இருக்கற அரேன்னு அர்த்தம் மாறிடும், அங்கதான் நெறைய பேர் வழுக்குறாங்க.

ஸ்டார் ஸ்டாருக்கு வேற எடம் இருக்கு, மெயினுக்கு வர்ற ஆர்க்வி (ப்ரோக்ராம ரன் பண்ணும்போது குடுக்கற வார்த்தைகளோட லிஸ்ட்) அப்படித்தான், உண்மையிலேயே பாயின்டர்ங்க வரிசையா இருந்து கடைசில நல் பாயின்டரோட, அதாவது எதையும் காட்டாத காலி பாயின்டரோட, முடியும். மாலாக்ங்கற ஃபங்ஷன் மூலமா ரோ ரோவா மெமரி வாங்கி அந்த அட்ரஸ எல்லாம் இன்னொரு அரேல வெச்சாலும் அதேதான்.

தம்பிய மெயின்லயும் ஃபங்ஷன்லயும் அந்த அரேயோட சைஸ்ஆஃப் (எத்தன பைட்டுன்னு சொல்றது) பிரின்ட் பண்ணி பாக்க சொன்னேன். மெயின்ல 48, ஃபங்ஷனுக்குள்ள 8, ஏன்னா அங்க இருக்கறது வெறும் பாயின்டர். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "அப்போ அந்த 4 இல்லாம அடுத்த ரோ எங்க ஆரம்பிக்குதுன்னே ஃபங்ஷனுக்கு தெரியாதுல்லண்ணா"ன்னான்.