படத்தை விடுங்கள், எழுத்தைப் படியுங்கள்

சில்வர் ரவுண்டு, அதாவது தனியார் அடிக்கும் வட்டமான வெள்ளி வில்லை, வாங்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் படத்தைத்தான் பார்க்கிறார்கள். காட்டெருமை, கழுகு, கிறிஸ்துமஸ் தாத்தா. எனக்கு மற்றவை எல்லாம் முக்கியம்: பின்புறம், விளிம்பு, மூலையில் இருக்கும் பொடி எழுத்து. யார் அடித்தது என்பதை அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். படத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 1913-இல் அமெரிக்க 5 சென்ட் காசுக்காக ஜேம்ஸ் ஏர்ல் ஃப்ரேசர் வடித்த காட்டெருமையை இன்று எத்தனையோ தனியார் மின்ட்கள் (காசு போல் அச்சடிக்கும் பட்டறைகள்) அடிக்கின்றன.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். ரவுண்டு பார்க்க நாணயம் மாதிரி இருக்கும், ஆனால் அதற்கு முகமதிப்பு, அதாவது காசின் மேல் எழுதியிருக்கும் பண மதிப்பு, கிடையாது. அதில் இருக்கும் வெள்ளிக்குத்தான் விலை. இந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு லிபர்ட்டி டாலர் இருக்கிறது. பெர்னார்ட் வான் நாட்ஹவுஸ் என்பவர் ஒரு அவுன்ஸ் வெள்ளியில் ‘20 டாலர்’ என்று பொறித்துப் புழக்கத்தில் விட்டார். 2007 நவம்பரில் எஃப்பிஐ சோதனை போட்டது, 2011-இல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது.

இந்தத் தொழில் பெருகியதற்குக் காரணம் அரசாங்கமேதான். 1964 வரை அமெரிக்காவின் 10, 25, 50 சென்ட் காசுகளில் 90 சதவீதம் வெள்ளி. 1965-இல் வந்த சட்டம் முதல் இரண்டிலிருந்தும் வெள்ளியை எடுத்தே விட்டது, 50 சென்ட்டில் 40 சதவீதமாகக் குறைத்தது. கையில் வெள்ளி வைத்துக்கொள்ள ஆசைப்பட்டவர்களுக்கு, எழுபதுகளின் தொடக்கத்தில் தனியார் மின்ட்கள் ‘ஆர்ட் பார்’ என்று ஒரு அவுன்ஸ் செவ்வகத் துண்டுகளை அடித்துத் தள்ளின. ஹாமில்டன் மின்ட், மேடிசன் மின்ட் பெயர்கள் இன்றும் அடிக்கடி கண்ணில் படும். 1980 ஜனவரியில் வெள்ளியை வாங்கிக் குவித்த ஹன்ட் சகோதரர்கள் புண்ணியத்தில் விலை அவுன்ஸுக்கு 50 டாலரை நெருங்கியபோது, அவற்றில் ஏராளமானவை உலைக்குப் போய்விட்டன. அழகான வேலைப்பாடு எடைக்கு எடை உருகிப்போனதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறாது.

எனக்கு மிகவும் பிடித்தது எங்கல்ஹார்டின் ‘ப்ராஸ்பெக்டர்’. 1902-இல் நியூ ஜெர்சியின் நியூவர்க்கில் தொடங்கிய கம்பெனி. பின்னாளில் அதன் தலைமையகம் ஐஸ்லினில் இருந்தது. ஆமாம், ஓக் ட்ரீ ரோட்டில் நாம் நகையும் மளிகையும் வாங்கப் போகிற அதே ஐஸ்லின்தான். 1982 முதல் சில வருடங்கள் இந்த ரவுண்டை அடித்தார்கள். குனிந்து உட்கார்ந்து தட்டில் மணலை அலசித் தங்கம் தேடும் ஆள்தான் படம். 1986-இல் அரசே சில்வர் ஈகிள் என்ற வெள்ளி நாணயத்தை அடிக்க ஆரம்பித்தது. எண்பதுகளின் இறுதிக்குள் எங்கல்ஹார்ட் சில்லறை வெள்ளியை விட்டே விலகியது. 2006-இல் கம்பெனியை ஜெர்மனியின் ரசாயனக் கம்பெனி பிஏஎஸ்எஃப் வாங்கிக்கொண்டது.

ப்ராஸ்பெக்டர் படம் இருந்தாலே எங்கல்ஹார்ட் என்று நினைத்து அதிக விலை கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். இண்டியானாவின் வின்செஸ்டரில் இருக்கும் சில்வர்டவுன் மின்ட்டும் தங்கம் தேடுகிறவர் படத்தோடு ரவுண்டு அடிக்கிறது. அதுவும் நல்ல வெள்ளிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் எங்கல்ஹார்ட் பெயர் இருக்காது. அந்த ஒரு பெயருக்குத்தான் சேகரிப்பவர்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள், அதனால் பெயரைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

இன்னொரு எழுத்து இருக்கிறது, அதைப் பார்த்தால் கீழே வைத்துவிடுங்கள்: ‘100 மில்ஸ் .999 சில்வர்’. வேகமாகப் படித்தால் .999, அதாவது 99.9 சதவீதம் சுத்தம், மட்டும் கண்ணில் படும். அது முலாம், உள்ளே வேறு உலோகம். ‘மில்ஸ்’, ‘க்ளாட்’, ‘ஜெர்மன் சில்வர்’ எதுவாக இருந்தாலும் வெள்ளி விலை கொடுக்காதீர்கள். வயதானவர்கள் பேரனுக்கென்று சேர்த்து வைத்த பெட்டியில் இவை நிறைய இருக்கின்றன. விற்கப் போகும்போதுதான் தெரிகிறது. அவர்களுக்கு இதை விற்றவர்கள் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வரும்.

எழுத்தை நம்ப முடியவில்லையா? சரி, தண்ணீரில் போடுங்கள். சின்ன டிஜிட்டல் தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து பூஜ்யமாக்குங்கள். ரவுண்டை நூலில் கட்டி, அடியும் பக்கமும் தொடாமல் முழுக்க முங்கும்படி பிடியுங்கள். ஒரு டிராய் அவுன்ஸ் என்றால் 31.1 கிராம். வெள்ளியின் அடர்த்தி 10.49. எடையை அடர்த்தியால் வகுத்தால் வருகிறபடி, தராசு 2.96 கிராம் பக்கம் காட்ட வேண்டும். உள்ளே செம்பாக இருந்தால் அதே எடைக்கு 3.4-க்கு மேல் ஏறிவிடும். ரவுண்டுக்கு ஒரு கீறல்கூட விழாது.

புது ரவுண்டுகளில் ஐடஹோவின் கோர் டலேனில் இருக்கும் சன்ஷைன் மின்ட் செய்தது எனக்குப் பிடிக்கும். அரசின் சில்வர் ஈகிளுக்கு வெற்று வில்லை கொடுத்தவர்களில் இவர்களும் உண்டு. பின்புறத்தில் ஒரு பொடி முத்திரை இருக்கும். அவர்கள் விற்கும் தனி லென்ஸை வைத்துப் பார்த்தால் ‘வேலிட்’ என்று எழுத்து தெரியும். லென்ஸைத் திருப்பினால் எழுத்து மறைந்து கதிர்கள் தெரியும். போலி அடிப்பவனுக்கு இது லேசில் வராது.

பெயரே இல்லாத ரவுண்டுகள்தான் உண்மையான வேலை. ஒரு மின்ட் முன்புறத்தை நூறு விதமாக மாற்றும், பின்புற அச்சை அப்படியே வைத்துக்கொள்ளும். அதனால் பெயர் இருக்கும் ஒரு ரவுண்டின் பின்புறத்தோடு, பெயரில்லாததின் பின்புறத்தை லூப் (உருப்பெருக்கும் சின்ன கண்ணாடி) வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவேன். அச்சில் விழுந்த ஒரு விரிசல் இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தால் அதற்கு மேல் சந்தேகமே வேண்டாம். உங்களிடம் அப்படி ஏதாவது இருந்தால் இரண்டு பக்கமும் விளிம்பும் தெரிகிற மாதிரி படம் எடுத்து, எடையும் எழுதி அனுப்புங்கள். தயவுசெய்து பாலிஷ் மட்டும் போடாதீர்கள்.