அந்த ப்ராஜெக்டை நடத்தினது யாரு?

என் டீமில் இருந்த ஒருவன் பிஎம்பிக்கு, அதாவது பிஎம்ஐ அமைப்பு தரும் ப்ராஜெக்ட் மேனேஜர் சான்றிதழுக்கு, எழுதிய விண்ணப்பத்தில் பாதியைச் சரி என்றேன், மீதிக்கு முடியாது என்றேன். அவன் இப்போது வேறு கம்பெனியில் ப்ராஜெக்ட் மேனேஜராக நன்றாகத்தான் இருக்கிறான். எங்களுக்குள் மனஸ்தாபமும் இல்லை, பார்த்தால் பேசிக்கொள்வோம். ஆனாலும் அன்றைக்குப் பேசியது மட்டும் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது, குறிப்பாக யாராவது ஜூனியர் வந்து "நானும் மேனேஜர் லைனுக்குப் போகலாம்னு இருக்கேன்" என்று ஆரம்பிக்கும்போது.

விதி என்னவோ எளிமையானதுதான். அவன் விண்ணப்பித்த சமயத்தில் நான்கு வருஷ டிகிரி இருப்பவர்களுக்கு 36 மாதம் ப்ராஜெக்ட் நடத்திய அனுபவம் வேண்டும், டிகிரி இல்லாவிட்டால் 60 மாதம், கூடவே 35 மணி நேரப் பயிற்சி. ஒரே மாதத்தில் இரண்டு ப்ராஜெக்ட் பார்த்திருந்தாலும் அது ஒரு மாதம்தான். பதவியின் பெயர் ப்ராஜெக்ட் மேனேஜர் என்று இருக்க வேண்டிய அவசியம் இல்லை, செய்த வேலைதான் கணக்கு. வருகிற விண்ணப்பங்களில் சிலவற்றை பிஎம்ஐ எடுத்து ஆடிட் செய்யும், அப்போது மேலதிகாரியோ அந்த வேலையை அறிந்த வேறு ஒருவரோ இது உண்மைதான் என்று உறுதி சொல்ல வேண்டும். அந்த ஒருவராக அவன் என் பெயரைப் போட்டிருந்தான், போடும் முன் என்னிடம் காட்டவும் செய்தான். காட்டாமலே அனுப்பியிருக்கலாம், ஆடிட்டில் சிக்காமலும் போயிருக்கலாம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவன் கணக்கில் இரண்டு ப்ராஜெக்ட். முதலாவதில் பேச்சே இல்லை, ஒரு மென்பொருள் ரிலீஸ் மொத்தத்துக்கும் அவனே திட்டம் போட்டு, ஆள் ஒதுக்கி, தேதி சொல்லி, சொன்ன தேதியில் முடித்தும் காட்டினான். இரண்டாவதில்தான் வம்பு. ஒரு பழைய சரக்கு இருப்பு மென்பொருளில் இருந்த டேட்டாவைப் புதியதற்கு மாற்றுகிற வேலை. பேப்பரில் அதற்கு ப்ராஜெக்ட் மேனேஜர் நான், அவன் டெஸ்ட் லீட். எனக்கு அந்தச் சமயத்தில் வேறு ப்ராஜெக்டுகளும் தலையில் இருந்ததால் காலை நேர கான்ஃபரன்ஸ் கால் அவன் எடுப்பான், எதெது சொதப்பலாம் என்று குறித்துவைக்கும் ரிஸ்க் ரிஜிஸ்டரை அவன் பார்த்துக்கொள்வான், வெண்டாரை விரட்டுவதும் அவன்தான், வாராந்தர ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டின் முதல் வரைவும் அவனுடையது. நான் அதைப் படித்து, அங்கங்கே வார்த்தையை மாற்றி, வாடிக்கையாளருக்கு அனுப்புவேன்.

"இதுல 'நடத்தினேன்'னு போட்டிருக்கியே, 'உதவினேன்'னு போடேன்" என்றேன்.

"அப்படிப் போட்டா மாசம் கணக்குல வராதுக்கா."

"வராதுதான்."

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான். "சரிக்கா, அப்போ அந்த ப்ராஜெக்டை நடத்தினது யாரு?"

நான்தான் என்றேன், யோசிக்காமல், பட்டென்று. அவன் நக்கலாகக் கேட்கவில்லை, அது நிச்சயம். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான் என்று நினைக்கிறேன். ஆனால் அதற்கப்புறம் அதே கேள்வியை நானே எனக்குள் எத்தனையோ தொனியில் கேட்டுப் பார்த்துவிட்டேன், சில தொனிகளில் அது அவ்வளவு அப்பாவியாக இல்லை.

அவனிடம் நான் சொன்ன காரணம் இன்றைக்கும் சரி என்றுதான் படுகிறது. யாருக்கு என்ன பொறுப்பு என்று காட்டும் ரேசி சார்ட்டில் ஒரு வேலைக்கு 'ஆர்', அதாவது செய்கிறவர், எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம், 'ஏ', அதாவது அதற்குப் பதில் சொல்கிறவர், ஒருவர்தான். அந்த ப்ராஜெக்டில் பெரும்பாலான வரிகளில் ஆர் அவன், ஏ நான். வெண்டார் தந்த ஃபைல் வடிவம் பொருந்தாமல் கட்ஓவர், அதாவது புதிய மென்பொருளுக்கு மாறுவது, தள்ளிப்போனபோது மேலிடத்து ஆட்கள் கூடும் ஸ்டீரிங் கமிட்டியில் உட்கார்ந்து வாங்கிக்கட்டிக்கொண்டது நான். கூடுதல் வேலைக்குச் சேஞ்ச் ரிக்வெஸ்ட் போட்டு, அதற்குக் காசு வாங்க மாசக்கணக்கில் வாதாடியது நான். நடுவில் எங்கள் டெவலப்பர்களை வேறு வாடிக்கையாளரின் வேலைக்கு இழுக்கப் பார்த்தபோது தடுத்ததும் நான்தான். இதில் பாதி அவனுக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். மேலே நடக்கிற சண்டை கீழே டீமுக்கு இறங்கினால் அன்றைக்கு ஒருத்தரும் வேலை செய்ய மாட்டார்கள். அவன் பார்த்ததெல்லாம் காலை காலும் ரிஜிஸ்டரும்தான். மேனேஜர் வேலை என்றால் இவ்வளவுதான் போல என்று அவன் முடிவுகட்டியதில் எனக்கு எரிச்சல் இருந்தது, அந்த எரிச்சல் என் பதிலில் கலந்திருந்ததா என்றால், கொஞ்சம் இருந்திருக்கும்.

ஆனால் இப்படியும் யோசிக்கிறேன். 2021இல் மாற்றி அமைத்த பிஎம்பி தேர்வில் கேள்விகளை மூன்றாகப் பிரித்திருந்தார்கள், ஆட்களைக் கையாள்வது 42 சதவீதம், வேலையின் நடைமுறை 50 சதவீதம், நிறுவனத்தின் வணிகச் சூழல் 8 சதவீதம். என்னுடையது என்று நான் மார்தட்டிக்கொள்ளும் ஸ்டீரிங் கமிட்டியை அந்த 8க்குப் பக்கத்தில்தான் வைக்க முடியும். தினமும் ஆட்களைப் பிடித்து வேலை வாங்கியது, ரிஸ்க்கைக் குறித்து வைத்து அது வெடிக்கும் முன் சொன்னது, சார்ந்திருக்கும் வேலைகளை வரிசைப்படுத்தியது எல்லாம் அந்த 92க்குள் வரும், அதில் பெரும்பங்கு அவனுடையது. தேர்வுத் தாளின் சதவீதத்தை வைத்து நிஜ வேலையை அளக்கக் கூடாது, தெரியும். சேஞ்ச் ரிக்வெஸ்ட்டும் நடைமுறைக்குள்தான் வரும், டெவலப்பர்களைத் தக்கவைத்ததை ஆட்கள் கணக்கிலேயே சேர்க்கலாம், அப்படிப் பார்த்தால் என் பங்கு கூடிவிடும். எந்தப் பக்கம் ஜெயிக்க வேண்டுமோ அந்தப் பக்கத்துக்குத் தோதாகக் கணக்குப் போட முடிகிறது, அதனாலேயே இந்தக் கணக்கை நான் முழுதாக நம்புவதில்லை.

அப்புறம் என்னுடைய விண்ணப்பம். நான் பிஎம்பி எழுதிய காலத்தில் என் மேனேஜர் என் தாளைப் படிக்கவே இல்லை, "போட்டுக்கோ, போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த மீட்டிங்குக்குப் போய்விட்டார். நான் எழுதியிருந்த ப்ராஜெக்டுகளில் ஒன்றுக்குப் பேப்பரில் மேனேஜர் வேறொருவர். அதில் நான் பட்ஜெட்டும் பார்த்தேன், இவன் பார்க்கவில்லை, அதுதான் வித்தியாசம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பார்த்தேன் என்றால், மாதக் கடைசியில் எல்லோருடைய டைம்ஷீட்டையும் கூட்டி ஒரு ஷீட்டில் போடுவேன். அதுவும் பட்ஜெட் பார்ப்பதுதான்.

அவனுக்கு மாற்று வழி சொல்லாமல் இல்லை. பிஎம்ஐயின் ஆரம்ப நிலைச் சான்றிதழான கேப்பம் எழுது, அதற்கு அனுபவ மாதமே தேவையில்லை, 23 மணி நேரப் பயிற்சி போதும் என்றேன். இன்னொரு ப்ராஜெக்ட் சான்றிதழான பிரின்ஸ்2 ஃபவுண்டேஷனுக்கு அந்த நிபந்தனைகூட இல்லை என்றேன். "அதெல்லாம் காலேஜ் முடிச்சு வர்றவங்களுக்குக்கா, எச்ஆர் பிஎம்பினு ஃபில்டர் போட்டுத்தான் தேடறாங்க" என்றான். அது நிஜம், அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த லைனுக்கு வர நினைக்கும் எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர் இது. பதவி இல்லாமல் அனுபவம் கிடைக்காது, அனுபவம் இல்லாமல் சான்றிதழ் கிடைக்காது, சான்றிதழ் இல்லாமல் பதவிக்குக் கூப்பிட மாட்டார்கள். இதை உடைத்து உள்ளே வந்தவர்கள் பெரும்பாலும் இன்னொருவர் பெயரில் ஓடும் ப்ராஜெக்டை ஓட்டித்தான் வந்திருக்கிறார்கள், அந்த இன்னொருவர் பிற்பாடு "ஆமாம், இவர்தான் ஓட்டினார்" என்று சொன்னால்தான் கணக்கு நேராகும். நான் சொல்லவில்லை.

கடைசியாக அவன் சொன்னது இன்னொன்று. "பிஎம்ஐ எத்திக்ஸ் கோட்ல நேர்மை மட்டும் இல்லக்கா, நியாயமும் இருக்கு." சரிதான், அதில் நான்கு இருக்கின்றன, பொறுப்பு, மரியாதை, நியாயம், நேர்மை. நான் நேர்மையைப் பிடித்துக்கொண்டேன், அவன் நியாயத்தைப் பிடித்துக்கொண்டான். பொறுப்பை யார் பிடித்துக்கொண்டோம் என்பதுதான் சண்டையே.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. ஒரே ப்ராஜெக்டை இரண்டு பேர் தங்கள் அனுபவமாகக் காட்டக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. அவன் 'நடத்தினேன்' என்று எழுதியிருந்தால் என் மாதங்களில் ஒன்றுகூடக் குறைந்திருக்காது, எனக்கு ஏற்கெனவே சான்றிதழ் இருந்தது, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 60 பிடியூ (தொடர் பயிற்சிக்கான புள்ளி) சேர்த்துப் புதுப்பித்துக்கொண்டும் இருந்தேன். எனக்குக் காசு நஷ்டம் இல்லை, பெயர் நஷ்டம் இல்லை. அப்புறம் எதற்கு மறுத்தேன்? பொய்க்கு உடன்பட மாட்டேன் என்று மறுத்தேன். அது பொய் என்று அன்றைக்கு நிச்சயமாக நம்பினேன். இன்றைக்கு, பெரும்பாலும் நம்புகிறேன்.

மேனேஜர் என்ற வேலையே போய்விடும் என்று சிலர் சொல்வதும் இதோடு சேர்ந்து நினைவுக்கு வருகிறது. ஸ்க்ரம் என்ற டீம் வேலைமுறையின் 2020 கைடில் ப்ராடக்ட் ஓனர் உண்டு, ஸ்க்ரம் மாஸ்டர் உண்டு, டெவலப்பர்கள் உண்டு, ப்ராஜெக்ட் மேனேஜர் என்று ஒருத்தர் கிடையாது. ஆனால் நான் பார்த்த இடங்களில் வெண்டாரை விரட்டுவதும் தேதிக்குப் பதில் சொல்வதும் எங்கும் போகவில்லை, யாரோ ஒருத்தர் தலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது, பெரும்பாலும் அதற்குப் பதவியோ சம்பளமோ இல்லாத ஒருத்தர் தலையில். இதை எழுதும்போதே அவன் முகம்தான் வருகிறது, அதனால் இதை நீட்டாமல் விடுகிறேன்.

அவன் அதற்கப்புறம் கோஆர்டினேட்டராக வேறு இடம் போனான், அங்கேயே மேனேஜரானான், அங்கே சேர்ந்த மாதங்களைக் காட்டித் தேர்வும் எழுதிவிட்டான். 180 கேள்வி, 230 நிமிஷம், முதல் தடவையிலேயே பாஸ். மெசேஜ் அனுப்பினான், வாழ்த்தினேன். எப்படியும் கிடைத்துவிட்டதே என்று எனக்கு ஒரு நிம்மதி, என் கையெழுத்து இல்லாமலே கிடைத்தது என்பதில் இன்னொரு மாதிரி.

இப்போது என் டீமில் ஒரு பெண் இருக்கிறாள், விவரமானவள், முன்கூட்டியே கேட்டுவிட்டாள். "காலை கால் நான் எடுக்கறேன்க்கா, ஆனா ஸ்டீரிங் கமிட்டிக்கும் வர்றேன், பட்ஜெட் ஷீட்டும் எனக்குக் குடுங்க, அப்புறம் நாளைக்கு நீங்க இல்லைனு சொல்லக் கூடாது." அவளுக்கு அந்தப் பழைய கதையை யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, நான் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்கான அழைப்பில் அவள் பெயரைச் சேர்த்திருக்கிறேன். பட்ஜெட் ஷீட்டை இன்னும் கொடுக்கவில்லை, அதில் எல்லோருடைய ரேட்டும் இருக்கிறது, அதை மறைத்து ஒரு நகல் செய்ய வேண்டும். வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து "இவங்க எதுக்கு வர்றாங்க?" என்று ஒரு மெயில் வந்திருக்கிறது. என்ன பதில் போடுவது என்று இரண்டு விதமாக எழுதி வைத்திருக்கிறேன், ஒன்றில் அவள் எனக்கு உதவியாக வருகிறாள், இன்னொன்றில் ப்ராஜெக்டை நடத்துகிறவளாக வருகிறாள். எதையும் இன்னும் அனுப்பவில்லை.